ஆறு கம்பி, ஒரு பிணம்!

1

மீன் ஏலம் பாதியில் நின்றது!

காரைக்கால்மேடு கடற்கரை. சூரியன் அப்போதுதான் தண்ணீரை விட்டு மேலே ஏறியிருந்தது. வஞ்சிரத்துக்கு விலை சொல்லிக் கத்திக்கொண்டிருந்த குரல் சட்டென்று தொண்டைக்குள் போனது.

கரையேறிய ஃபைபர் படகில் மீன் இல்லை.

ஒரு ஆள் கிடந்தான். குப்புற!

"யாருடா அது?"

"தெரியலண்ணே... முகத்துவாரத்துக்கு வெளிய மெதந்துச்சு..."

முத்தையன் குனிந்தார். தோளைப் பிடித்துத் திருப்பினார்.

அலறினார்!

"ஐயோ... நம்ம கார்த்திகேசன்டா! எங்கண்ணன் மவன்டா!"

மருத்துவமனை. பிணவறை வாசல்.

"பிராந்தி வாடை அடிக்குதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு அவசரம். "அரசலாறு முகத்துவாரத்துல காலி பாட்டில் கெடந்துச்சு. குடிச்சிருக்கான். கருங்கல்லு மேல ஏறியிருக்கான். வழுக்கிட்டான். அவ்ளோதான்."

"எங்கண்ணன் குடிக்க மாட்டான் சார்."

"காரைக்கால்ல இருந்துக்கிட்டா?" சிரித்தார்.

தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. செத்தவனின் ஒரே தங்கை அவள்.

"மீனவன் மவன் அவன் ஊர் கல்லுலயே வழுக்கி விழுந்து செத்தான்னு எழுதுறீங்க. சிரிக்க வேண்டியது அதுக்கு சார்!"

"ஏம்மா... படிச்ச புள்ள மாதிரி இருக்க..."

"பி.எஸ்சி. எங்க வீட்டுல மொத ஆளு. அதான் நீங்க எழுதுறத எனக்குப் படிக்க வருது. இல்லாட்டி எங்கம்மா மாதிரி கைநாட்டு வெச்சிட்டுப் போயிருப்பேன்."

இன்ஸ்பெக்டரின் முகம் கறுத்தது. பின்னால் நின்ற எஸ்.ஐ. இளவேனில், இளம் பெண், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"குடிபோதையில் தவறி விழுந்து" என்பது எழுதப்பட்டது. எழுதப்பட்டதுதான்! கார்த்திகேசன் இனி ஊருக்குக் குடிகாரன்.

அந்த நேரத்தில்தான்...

பழைய வெள்ளை வேன் ஒன்று வந்து கிறீச்சிட்டு நின்றது.

"கார்த்தீ...!"

சிவக்குமார்! கார்த்திகேசனின் நண்பன். தலத்தெருவில் மாடி வீடு. போலகத்தில் நிலம். அப்பாவுக்கு அரசாங்கச் சம்பளம். கார்த்திகேசனிடம் இல்லாத எல்லாமும் இருந்தவன்.

இருவரும் சேர்ந்து நடத்தியதுதான் 'ஆறு கம்பி' யூடியூப் சேனல். ஊர் ஊராக வேனில் போவார்கள். பெரிய ஷோரூம்கள் பக்கமே தலை வைக்க மாட்டார்கள். தனி ஆள் நடத்தும் சின்னச் சின்ன கிட்டார் கடைகள் மட்டும். கடைக்காரரோடு பேச்சு, அவர் எடுத்துத் தரும் கிட்டாரில் ஒரு வாசிப்பு. கேமராவுக்கு முன்னால் சிவக்குமார். பின்னால் கார்த்திகேசன்.

"என்ன தம்பி ஆச்சு? உன் கூடத்தானே இருந்தான்?" முத்தையன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"திருச்சிதான் கடைசிக் கடை சித்தப்பா. நேத்து மத்தியானமே ஷூட்டிங் முடிஞ்சிருச்சு. எடிட்டிங் இருக்கு, லாட்ஜ்ல தங்குறேன்னு சொன்னேன். அவன் கிட்டாரைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டான்... நானே கொண்டாந்து விட்டிருக்கணும்! நான் பாவி!"

தலையில் அடித்துக்கொண்டு அழுதான். நன்றாகவே அழுதான்.

முத்தையனின் கண் வேனின் பக்கவாட்டில் போய் நின்றது.

"என்னடா இது... டேங்க் வாயில துணிய அடைச்சு வெச்சிருக்க? எவனாச்சும் பீடிய வீசிட்டா என்னாவறது?"

"இன்னைக்கிக் காலைல திருச்சில ஃபுல் டேங்க் போட்டேன் சித்தப்பா. அப்பத்தான் போன் வந்துச்சு... பதட்டத்துல மூடிய பங்க்லயே வுட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"அடப் பாவமே..."

தாமரையையும் அவள் அம்மாவையும் சிவக்குமார்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அம்மா பின் சீட்டில் மயங்கிக் கிடந்தாள். தாமரை முன் சீட்டில். டாஷ்போர்டை வெறித்துக்கொண்டே வந்தாள்.

அழவில்லை!

2

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது.

மறுநாள் தலத்தெருவில் சிவக்குமார் வீட்டு அழைப்பு மணி அடித்தது.

"வா தாமரை... உள்ள வா."

"உள்ள வரல. ஒரே ஒரு விஷயம். எங்கண்ணன் கிட்டார் எங்கண்ணே?"

சிவக்குமாரின் கண் இமைக்க மறந்தது.

"கிட்டாரா?"

"பொணம் கெடைச்சுது. கிட்டார் கெடைக்கல. யாரோ அவனை அடிச்சுப் போட்டுட்டு அதைத் தூக்கிட்டுப் போயிருக்கான்."

"போலீஸ் என்ன சொல்றாங்க?"

"என்னைப் பாத்தா எந்திரிச்சு டீ குடிக்கப் போயிடுறாங்க. திருடுனவன் அதை வீட்டுல வெச்சு பூசையா போடப் போறான்? வித்திருப்பான். எங்கயோ ஒரு கடைல அது தொங்கிட்டு இருக்கும். நீங்க ரெண்டு பேரும் போன கடைக்காரங்க எல்லாருக்கும் அதைப் பாத்தா அடையாளம் தெரியும். என்னை அங்கெல்லாம் கூட்டிட்டுப் போங்க."

சிவக்குமார் மூச்சு விட்டான். தோள் இறங்கியது. கிட்டத்தட்ட... நிம்மதி!

"எல்லாக் கடையுமா? புதுச்சேரி, பெங்களூரு, மாஹே, நாகர்கோவில், திருச்சி... பெரிய சுத்து தாமரை. நீ ஒரு பொண்ணு. என் கூட தனியா... ஊர் என்ன பேசும்?"

"ஊரு எங்கண்ணனைக் குடிகாரன்னு பேசிக்கிட்டு இருக்கு. என்னையும் ஏதாச்சும் பேசிட்டுப் போவட்டும்."

"உங்கம்மா?"

"சம்மதிச்சிட்டாங்க. உங்க மேல அம்புட்டு நம்பிக்கை."

சிவக்குமார் யோசித்தான். அவன் மூளையில் ஒரு கேமரா ஓடியது. 'நண்பனின் கிட்டாரைத் தேடி!' ஆஹா... இந்தத் தலைப்புக்கே கூட்டம் கூடுமே!

ஏற்கெனவே கூடியிருந்தது. நண்பனை எரித்த அன்றே சிவக்குமார் ஒரு வீடியோ போட்டிருந்தான். 'இனி நான் கிட்டாரைத் தொடமாட்டேன்... இது என் கார்த்திக்கு நான் செய்யும் சத்தியம்!' பார்த்தவர்களெல்லாம் அழுதார்கள். சேனல் இரட்டிப்பாக வளர்ந்தது.

"சரி," என்றான். "நாளைக்கே கிளம்புவோம்."

3

வேன் வடக்கே போனது. நண்டலாறு எல்லைக்கு முன்னால் உள்ள கடைசி பங்கில் சக்கரம் தானாகத் திரும்பியது.

"ஃபுல்லு!" என்றான் சிவக்குமார்.

பம்ப் ஆள் மூடியைத் திருகினான். பழைய வேனுக்குப் பளபளவென்று புது மூடி.

"பாலத்தத் தாண்டினா தமிழ்நாடு. வெல ஏறிரும்," என்று சிவக்குமார் கண்ணடித்தான். "நம்மூர்ல பொறந்துட்டு வெளியூர்ல பெட்ரோல் போட்டா அவன் மடையன்!"

"எங்கண்ணன் சொல்லுவான்... நீங்க சொட்டு சொட்டா கணக்குப் பாப்பீங்கன்னு."

"ஹா... ஹா... அவன் என்னைக் கிண்டல் பண்ணாத நாளு உண்டா?"

புதுச்சேரி. சின்னச் சந்துக்குள் ஒரு கடை. சுவர் முழுக்க கிட்டார்கள் தலைகீழாகத் தொங்கின. மரமும் வார்னிஷும் கலந்த வாசனை.

கடைக்காரர் சிவக்குமாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். தாமரை காட்டிய போட்டோவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"வரலியேம்மா. வந்தா வுடுவனா? கம்பிக்குக் கீழ நண்டு வரைஞ்சிருக்குமே, கார்த்தி கிட்டாரு. ஆயிரத்துல இருந்தாலும் தெரியும்." பிறகு சுவரிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். "சிவா தம்பி... அவன் ஞாபகமா ஒரே ஒரு பாட்டு?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் சார்."

"அட, எங்க முன்னாடி மட்டும்..."

"கையெடுத்துக் கும்பிடுறேன். வேணாம் சார்!"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவன் கண்ணில் சரியான நேரத்தில் ஒரு சொட்டு வந்தது.

பெங்களூரு. மாடிப்படிக்கு அடியில் ஒரு கடை. கிட்டார் இல்லை. அங்கேயும் ஒருவர் கிட்டாரை நீட்டினார். அங்கேயும் அவன் கும்பிட்டான்.

வழியில் பெட்ரோல் விளக்கு சிவப்பாக எரியும். எரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் ஏதோ ஒரு பங்கில் வேண்டா வெறுப்பாக நிறுத்துவான்.

"இருநூறு ரூவாய்க்கு மட்டும் போடுப்பா."

"ஃபுல்லா போட்டா அடிக்கடி நிக்க வேணாமேண்ணே?"

"மாஹே போற வரைக்கும் தாங்கினா போதும் தாமரை. அதுவும் நம்ம யூனியன் பிரதேசம்தானே! அங்க போட்டுக்கலாம்."

மாஹே எல்லைப் பலகையைப் பார்த்ததும் அவன் விசிலடித்தான். கண்ணில் பட்ட முதல் பங்கிலேயே பாய்ந்தான்.

"ஃபுல்லு!"

தாமரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவன் நினைத்தான்.

மாஹேயிலும் கிட்டார் இல்லை!

4

நாகர்கோவில்.

தங்கையன் கிட்டார் விற்பவர் மட்டுமல்ல. பலா மரத்திலும் தேக்கிலும் தானே செய்பவர். கடை முழுக்க மரத்தூள். சிவக்குமார் வெளியே தெருவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"வா மோளே... இரி. எங்க அந்தப் பய? அவன் வரல்லியா?"

"அவரு வெளிய நிக்கிறாரே..."

"இவன் இல்ல மோளே! மத்தவன். கறுத்த பய. கையில நண்டு போட்ட கிட்டாரு வெச்சிருப்பாம்லா... அவன்!"

இவருக்குச் செய்தியே வரவில்லை.

"அவன் இறந்துட்டான் சார். நான் அவன் தங்கச்சி."

தங்கையனின் கையிலிருந்த இழைப்புளி கீழே விழுந்தது.

"ஏசுவே...! அந்தக் கையா? அந்தக் கை போச்சா?"

"கைன்னா...?"

"வீடியோல வருகது யாரு கைன்னு நெனச்ச? இவன் இங்க முன்ன இருந்து தலைய ஆட்டுனான். பொறவு கேமராவைக் கிட்ட கொண்டு போனானுவ. அப்பம் உக்காந்து வாசிச்சது உங்கண்ணன்லா! முகம் இவனுக்க முகம். கை அவனுக்க கை. நான் கேட்டேன், ஏம்டே இப்பிடின்னு. உங்கண்ணன் சிரிச்சான். 'இந்த டிரிப்போட சரி சார், அடுத்த வீடியோல நான் முகத்தக் காட்டப் போறேன்'னான்."

தாமரைக்குக் கை பற்றிய பாதி புதிதல்ல. வீடியோவில் கம்பிகளின் மேல் ஓடிய அந்த விரல்களை அவள் எப்போதோ அடையாளம் கண்டிருந்தாள். இடது ஆள்காட்டி விரலில் வலைக்கயிறு அறுத்த தழும்பு. அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிய தழும்பு. தலத்தெரு மாடி வீட்டுப் பிள்ளைக்கு ஏது வலைக்கயிறு?

"அப்பவே உன்னை நான் கேட்டேன்ல அண்ணா... உன் மூஞ்சிய ஏன் காட்ட மாட்டேங்கறன்னு," என்று செத்தவனோடு பேசுவதுபோல முணுமுணுத்தாள். "என்ன சொன்ன? 'நம்ம மூஞ்சிய எவன் பாப்பான், அவன்தான் செவப்பா இருக்கான்'னு சொன்னல்ல?"

நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு வெளியே சிவக்குமார். கேமரா கீழே தொங்கியது.

அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்!

5

ஆரல்வாய்மொழி. இரண்டு பக்கமும் காற்றாலைகள். வெயில் பொசுக்கியது.

வேன் சாலையை விட்டு மண் பாதையில் இறங்கியது. ஒரு பள்ளத்தின் ஓரத்தில் நின்றது. ஆளில்லை. ஆடு மாடு கூட இல்லை.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"ஒரு ஷாட் எடுக்கலாம். இறங்கு."

"வெயிலா இருக்கு."

"இறங்குன்னு சொல்றேன்ல!"

குரல் மாறியிருந்தது. தாமரை இறங்கினாள். காற்றாலையின் இறக்கை 'விஷ்... விஷ்...' என்று தலைக்கு மேல் வெட்டியது.

"தங்கையன் உன்கிட்ட தனியா என்ன சொன்னாரு?"

"அண்ணன் செத்தது தெரியாம இருந்தாரு. சொன்னேன். அழுதாரு."

"வேற?"

"வேற என்ன?"

அவன் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் ஒரு அடி பின்னால் போனாள். குதிகாலுக்குப் பின்னால் மண் சரிந்தது. பள்ளம்!

"தாமரை... நீ ரொம்பப் படிச்சவ. படிச்சவங்க நிறைய யோசிப்பாங்க. உன்ன நம்பி உங்கம்மா மட்டும்தான் இருக்காங்க. ஞாபகம் இருக்கட்டும்."

பயம்தான். முகத்தில் காட்டவில்லை. செல்போனை உயர்த்தினாள்.

"ஷாட்ட சீக்கிரம் எடுங்கண்ணே. சித்தப்பா திட்டுறாரு. 'வண்டி ஏன் ஒரே எடத்துல நிக்குது'ன்னு இப்பதான் மெசேஜ் வந்துச்சு."

"என்னது?"

"லொக்கேஷன் ஷேர் பண்ணியிருக்கேன்ல. காரைக்கால்ல கிளம்பினப்பலேர்ந்து. உங்க கூட வர்றேன்னதும் எல்லாருக்கும் பயம்... சாலை விபத்துன்னு!"

சிவக்குமார் அவளைப் பார்த்தான். பள்ளத்தைப் பார்த்தான். போனைப் பார்த்தான்.

பிறகு சிரித்தான்.

"சும்மா பயமுறுத்திப் பாத்தேன். ஏறு ஏறு!"

ஏறினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

6

திருச்சிக் கடையிலும் கிட்டார் இல்லை.

"அவ்வளவுதான் தாமரை," என்றான் சிவக்குமார். வேன் தஞ்சாவூரைத் தாண்டிக்கொண்டிருந்தது. "கடைசிக் கடையும் பாத்தாச்சு. உன் மனசு ஆறுனா சரி. இனிமே தேடாத."

"தேட மாட்டேண்ணே. கெடைச்சிரும்."

"எப்படி?"

"நம்பிக்கைதான்."

கும்பகோணத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பெட்ரோல் போடுங்கண்ணே. வண்டி நின்னுடும்."

"தமிழ்நாட்டுலயா? இன்னும் கொஞ்ச தூரம். நம்மூரு எல்லை வந்துரும். உருட்டிக்கிட்டே போயிருவோம்."

"நின்னுட்டா?"

"தள்ளிக்கிட்டாவது போவேனே தவிர..."

"சரியான காரைக்கால் ஆளுண்ணே நீங்க!"

இருவரும் சிரித்தார்கள். சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அம்பகரத்தூர் நெருங்கியது. வேன் இரண்டு முறை திக்கியது. இருமியது. வயல்கள். காளி கோயில் கோபுரம். எல்லைப் பலகை!

காரைக்கால் மாவட்டம்.

அதோ... முதல் பங்க்!

நண்டலாற்றில் கடைசி பங்கைக்கூட விடாதவன். மாஹேயில் முதல் பங்கில் பாய்ந்தவன்.

ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்!

வேன் பங்கைத் தாண்டி விர்ரென்று போனது.

"அண்ணே... பங்க்கு!"

"இது... இங்க வேணாம். அடுத்ததுல போட்டுக்கலாம்."

"பெட்ரோல் ஒரு சொட்டும் இல்லண்ணே!"

"இங்க... இங்க கலப்படம் பண்றான். உனக்குத் தெரியாது!"

நெற்றியில் வியர்வை. ஏ.சி. இல்லாத வேன்தான். ஆனாலும் இது வெயில் வியர்வை இல்லை.

வேன் ஒரு முறை குலுங்கியது. முனகியது.

செத்துப்போனது!

தாமரை மெதுவாகக் கதவைத் திறந்து இறங்கினாள். திரும்பி அந்தப் பங்கைப் பார்த்தாள். கூப்பிடு தூரம்.

"ஆக... இதுதான்," என்றாள்.

"என்ன இதுதான்?"

பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. எல்லையிலிருந்தே ஒட்டி வந்த ஜீப். உள்ளிருந்து எஸ்.ஐ. இளவேனில் இறங்கினாள். கூட இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"என்ன தம்பி, வண்டி நின்னுடுச்சா? பங்க்கு பக்கத்துலதானே இருக்கு. வாங்க, தள்ளிவிடுறோம்."

"வேணாம் மேடம்! நான் ஆட்டோல போயி கேன்ல..."

"அட, போலீஸ் மக்கள் நண்பன் தம்பி. தள்ளுங்கய்யா!"

வேன் பின்பக்கமாக உருண்டது. ஸ்டியரிங்கில் சிவக்குமார்... கைதியைப்போல!

7

பங்கில் சிவக்குமார் இறங்கியதும் ஒரு சீருடைப் பெண் ஓடிவந்தாள். சட்டையில் 'வினிதா' என்று பெயர்.

வேனைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"அண்ணே! நீங்களா? எங்கண்ணே போனீங்க அதுக்கப்புறம்? இருங்க... இருங்க!"

உள்ளே ஓடினாள். திரும்பி வந்தாள். கையில் ஒரு கறுப்பு மூடி. ஓரத்தில் வெள்ளை பெயிண்ட் சிதறல்.

"உங்க வண்டி மூடி! அன்னைக்கி ஃபுல்லா போட்டுட்டு பறந்துட்டீங்களே... நான் பின்னாலயே கத்திக்கிட்டு ஓடியாந்தேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல!"

"எ... என்னோடது இல்ல!"

"ஐய... இந்த வண்டிய மறப்பனா? சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட ஈரமா வந்தீங்க. 'என்னண்ணே மழைகூட இல்லியே'ன்னு கேட்டேன்."

எஸ்.ஐ. இளவேனில் குறுக்கிட்டாள். "அது என்னைக்கும்மா? யோசிச்சு சொல்லு."

"யோசிக்கிறதுக்கு என்ன மேடம்? சாயங்காலம் வெளக்கு வெக்கிற நேரம். மறுநாள் விடிஞ்சா, காரைக்கால்மேட்டுல ஒரு பையன் பொணம் ஒதுங்கிடுச்சுன்னு ஊரே பேசிச்சே... அதுக்கு மொத நாளு. வேணும்னா கேமரால பாருங்க. எங்க முதலாளி ரெண்டு மாசம் அழிக்க மாட்டாரு."

தாமரை அந்த மூடியை வாங்கினாள். சிவக்குமாரின் கண் முன்னால் பிடித்தாள்.

"திருச்சி பங்க்ல விட்ட மூடி... அம்பகரத்தூருக்கு எப்படிண்ணே வந்துச்சு? அதுவும் பஸ் ஏறிடுச்சா?"

அவன் கண் பங்கின் கேமராவுக்குப் போனது.

"அன்னைக்கி உங்க வேன்ல முன்னாடி உக்காந்து வந்தேன்ல? பெட்ரோல் முள்ளு பாதிக்குக் கீழ கெடந்துச்சு. காலைல திருச்சில ஃபுல்லா போட்டா, இங்க வர்றதுக்குள்ள அம்புட்டு குடிக்குமா? இங்க போட்டு, திருச்சி போயி, திரும்பி வந்தாத்தான் குடிக்கும். அதோட... நீங்களாவது, திருச்சில ஃபுல் டேங்க் போடறதாவது! எனக்கு அன்னைக்கே சிரிப்பு வந்துச்சு. பொணம் உள்ள கெடந்ததால சிரிக்கல."

"தாமரை... நீ கிட்டாரைத் தேடத்தானே..."

"கிட்டாரா?"

இளவேனில் ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள்.

ஒரு கிட்டார் பை. உப்புப் பூத்திருந்தது. ஜிப்பைத் திறந்தாள். உள்ளே உப்பிப்போன மரம். கம்பிகளுக்குக் கீழே ஒரு நண்டு. கூடவே மூன்று கருங்கல்!

சிவக்குமார் ஒரு அடி பின்வாங்கினான்.

"பதினாறாம் நாளைக்கு முன்னாடியே சித்தப்பா வலைல ஏறிடுச்சு," என்றாள் தாமரை. "மீனவன் ஊர்ல கடல்ல போட்டா காணாமப் போயிடும்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது? இங்க கடல்ல எது போட்டாலும் எங்க வலைக்குத்தான் வரும். அந்தக் கிட்டார் எந்தக் கடையிலயும் இருக்காதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு பேரும் கடை கடையா ஏறி எறங்கினோம்!"

"அப்புறம் எதுக்குடி என்னை இவ்ளோ தூரம்...?"

"கல்லு கட்டின கிட்டாரைக் கொண்டுபோயி மேடம்கிட்ட வெச்சேன். 'கொலைதான், ஆனா யாருன்னு காட்டு'ன்னாங்க. மூடிய சொன்னேன். 'மாவட்டத்துல இருக்கற அத்தனை பங்க்கையும் தொறந்து காட்டச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. கேஸையே மூடிட்டாங்க. ஒரே ஒரு பங்க்கக் காட்டு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்'னாங்க. எந்தப் பங்க்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? சரி, மூடிய விட்டவரையே கேப்போம்னு கிளம்பினேன்."

"நான் சொல்லலியே!"

"சொன்னீங்களே... நிறுத்தாம போயி! சொட்டுப் பெட்ரோல் இல்லாம, நம்மூரு வெலைல போடற பங்க்கத் தாண்டி சிவக்குமார் போறார்னா... அங்க பெட்ரோலைவிடப் பெரிசா என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்?"

சிவக்குமார் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தான்.

"அவன் முகத்தைக் காட்டப் போறேன்னான்... எல்லாத்தையும் சொல்லிடுவேன்னான்... மூணு வருஷம் நான் சம்பாதிச்ச பேரு! கெஞ்சினேன் தாமரை. கல்லு மேல நின்னுக்கிட்டு சிரிச்சான். தள்ளினேன்... தள்ளத்தான் செஞ்சேன்! தலை அடிபட்டு தண்ணில விழுந்துட்டான். சத்தியமா கொல்லணும்னு..."

"தள்ளினது கோவத்துல. சரி." அவள் குரல் உடையவில்லை. "தண்ணில எறங்கி, வாயில பிராந்திய ஊத்தினது எந்தக் கோவத்துல?"

தாமரை மூடியை அவன் முன்னால் தரையில் வைத்தாள்.

"அவன் செத்தது எனக்கு ஒரு வலி. அவனைக் குடிகாரனாக்கி அனுப்புனீங்க பாருங்க... எங்கம்மா தெருவுல தல நிமிர முடியாம நடக்குறாங்க. மூடின கேஸைத் தொறந்து, 'குடிபோதையில்'ங்கற அந்த வார்த்தைய அடிக்கணும் மேடம். என் கண்ணு முன்னாடி அடிக்கணும்."

"அடிக்கிறேன்," என்றாள் இளவேனில். "உன்கிட்டயே படிக்கக் குடுக்கிறேன்."

கான்ஸ்டபிள்கள் சிவக்குமாரைத் தூக்கி நிறுத்தினார்கள். ஜீப்பை நோக்கித் தள்ளினார்கள்.

வினிதா ஒன்றும் புரியாமல் பம்ப்புக் குழாயோடு நின்றாள்.

"மேடம்... வண்டிக்கு எம்புட்டு போட? ஃபுல்லா?"

தாமரை வேனைப் பார்த்தாள். ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள். அண்ணன் செத்த பிறகு முதன்முறையாக அவள் உதடு கொஞ்சம் வளைந்தது.

"வேணாம்மா," என்றாள் வினிதாவிடம். ஜீப் பக்கம் திரும்பினாள். "அண்ணே, கவலப்படாதீங்க... இனிமே நீங்க ஏறுற வண்டிக்கெல்லாம் கவர்மெண்டே ஃபுல் டேங்க் போடும்!"